ஒரே விகிதம், வேறு வேறு கியர் ஜோடி: எதைப் போட்டால் செயின் நீடிக்கும்?

21 கியர் என்று விற்கப்படும் சைக்கிளில் ஒன்றுக்கொன்று உண்மையாகவே வேறுபட்ட கியர்கள் 13 தேறினால் அதிகம். மற்றவை எல்லாம் இரட்டைப் பிள்ளைகள். முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு பல்சக்கரம் என்று வேறு ஜோடி போட்டிருப்போம். மிதிக்கிற கனமும் போகிற வேகமும் அப்படியே இருக்கும். காலுக்கு வித்தியாசம் தெரியாததால், பலரும் எந்த ஜோடியில் ஓடுகிறோம் என்று கவனிப்பதே இல்லை. செயினுக்கு அது நன்றாகத் தெரியும். ஒரே வேகம், ஒரே மிதி. ஒரு ஜோடியில் செயின் மேல் 60 கிலோ இழுவை விழுகிறது, அதன் இரட்டையில் 105 கிலோ விழுகிறது. செயினும் ஃப்ரீவீலும் (பின்னால் இருக்கும் பல்சக்கர அடுக்கு) எத்தனை நாள் வரும் என்பதை இந்தத் தேர்வு பெரிய அளவில் தீர்மானிக்கிறது.

உங்கள் வண்டியில் எந்தெந்த ஜோடிகள் இரட்டைகள், அவற்றில் எதைப் போடுவது, எதைத் தவிர்ப்பது என்று நீங்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் வழி கீழே. முன்னால் 42-34-24 பற்கள், பின்னால் 14-16-18-20-22-24-28 பற்கள் கொண்ட 7 அடுக்கு ஃப்ரீவீல் உள்ள வண்டியை எடுத்துக்கொள்கிறேன். 21 கியர் வண்டிகளில் பரவலாகக் காணும் அமைப்பு இது. உங்களுடையது வேறாக இருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: பற்களை எண்ணுங்கள்

பெரும்பாலான பல்சக்கரங்களில் பக்கவாட்டில் எண் அடித்திருப்பார்கள். அழுக்கைத் துடைத்தால் தெரியும். இல்லையென்றால் ஒரு பல்லில் சாக்பீஸால் குறி வைத்து எண்ணிவிடுங்கள். பின்னால் சிறிய சக்கரங்களை எண்ணும்போது கவனம் தேவை. அங்கே ஒரு பல் தவறினால் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும்.

படி 2: விகிதப் பட்டியல் போடுங்கள்

முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தால் விகிதம். 34-ஐ 20-ஆல் வகுத்தால் 1.7, பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் 1.7 சுற்று சுற்றும். 26 அங்குல டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.05 மீட்டர். நிமிடத்துக்கு 70 மிதி மிதித்தால் 1.7 விகிதத்தில் மணிக்கு 14.6 கி.மீ. வேகம் வரும்.

21 ஜோடிக்கும் வகுத்துப் பாருங்கள்.

42 பல்லில்: 3.0, 2.63, 2.33, 2.1, 1.91, 1.75, 1.5
34 பல்லில்: 2.43, 2.13, 1.89, 1.7, 1.55, 1.42, 1.21
24 பல்லில்: 1.71, 1.5, 1.33, 1.2, 1.09, 1.0, 0.86

படி 3: இரட்டைகளைப் பிரித்தெடுங்கள்

இரண்டு விகிதங்களுக்கு இடையே ஏறத்தாழ 4 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லையென்றால் ஓட்டுகிறவருக்கு அது ஒரே கியர்தான். அந்த அளவுகோலில் பார்த்தால் ஆறு கூட்டங்கள் கிடைக்கின்றன (முதல் எண் முன்பல், அடுத்தது பின்பல்):

42-18, 34-14
42-20, 34-16
42-22, 34-18
42-24, 34-20, 24-14
42-28, 34-22, 24-16
34-28, 24-20

மீதி ஏழுக்கும் இரட்டை இல்லை. அவற்றில் தேர்வுக்கே இடமில்லை, அந்த வேகத்துக்கு அந்த ஒன்றுதான். நாம் பேசப்போவது இந்த ஆறு கூட்டங்களைப் பற்றி. சமதளச் சாலையில் சாதாரணமாக ஓட்டுகிறவர்கள் பெரும்பாலான நேரம் இருப்பது 1.7-க்கும் 2.4-க்கும் இடையில்தான். அந்த இடைவெளி முழுக்க இரட்டைகள் என்பதைக் கவனியுங்கள்.

படி 4: செயின் இழுவையைக் கணக்கிடுங்கள்

பல்லுக்குப் பல் தூரம் எல்லா சைக்கிள் செயினிலும் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. எனவே ஒரு பல்சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ அதன் பல் எண்ணிக்கையைப் போல் இரண்டு மடங்கு மில்லிமீட்டர். 42 பல்லுக்கு 85 மி.மீ., 34-க்கு 69, 24-க்கு 48.5.

பெடலைத் தாங்கும் கிராங்க் கையின் நீளம் பெரும்பாலும் 170 மி.மீ. பெடல் கிடைமட்டமாக இருக்கும்போது 30 கிலோ அழுத்தம் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். 30-ஐ 170-ஆல் பெருக்கி, முன்பல்சக்கரத்தின் ஆரத்தால் வகுத்தால் செயின் மேல் விழும் இழுவை:

42 பல்லில் 60 கிலோ
34 பல்லில் 74 கிலோ
24 பல்லில் 105 கிலோ

இந்தக் கணக்கில் பின்பல்சக்கரம் வரவே இல்லை. பெடலில் நீங்கள் கொடுக்கும் அழுத்தம் மாறாதவரை, பின்னால் 14 இருந்தாலும் 28 இருந்தாலும் செயினின் இழுவை ஒன்றே. அதைத் தீர்மானிப்பது உங்கள் காலும் முன்பல்சக்கரமும் மட்டும். இரட்டை ஜோடிகளில் விகிதம் ஒன்று என்பதால் கால் அழுத்தமும் ஒன்று. ஆக, முன்னால் எந்தச் சக்கரம் என்பதிலேயே இழுவை முடிவாகிவிடுகிறது. சின்ன முன்சக்கரம் (இனிச் சக்கரம் என்றாலே பல்சக்கரம்தான்) போட்டால் வண்டி இலகுவாகும், அதனால் செயினுக்கும் நல்லது என்று பலர் நம்புகிறார்கள். பின்னாலும் சேர்ந்து சின்னதாக்கினால் வண்டி இலகுவாவதில்லை, செயின் பாடு மட்டும் கனக்கிறது.

பற்களின் தேய்மானத்துக்கும் இதே எண்தான். பின்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் ஒரு சுற்றுக்கு ஒரு முறை செயினைப் பிடிக்கிறது. ஒரே வேகத்தில் ஓடும்போது 24 பற்கள் உள்ள சக்கரத்தின் பல்லும் 14 பற்கள் உள்ள சக்கரத்தின் பல்லும் நிமிடத்துக்கு அதே எண்ணிக்கையில்தான் வேலை செய்கின்றன. ஆனால் 42-24 ஜோடியில் 60 கிலோ இழுவைக்கு எதிராக, 24-14 ஜோடியில் 105 கிலோவுக்கு எதிராக.

படி 5: வளைவு எண்ணைக் கண்டுபிடியுங்கள்

செயின் தேய்வது எங்கே? வெளியில் தெரியும் தகடுகளில் அல்ல. ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த கண்ணியோடு கோக்கும் பின் (pin, சின்ன இரும்பு ஆணி) உள்ளே உரசுகிற இடத்தில். பல்சக்கரத்தில் ஏறும்போது கண்ணி ஒரு முறை வளைகிறது, இறங்கும்போது ஒரு முறை நிமிர்கிறது. எவ்வளவு வளைகிறது என்பது 360 பாகையைப் பல் எண்ணிக்கையால் வகுத்தால் தெரியும். 42 பல்லில் 8.6 பாகை, 24 பல்லில் 15, 14 பல்லில் 25.7. முழு இழுவையில் இருக்கும் மேல்பக்கச் செயின் பின்சக்கரத்தை விட்டு நிமிர்வதும் முன்சக்கரத்தில் ஏறி வளைவதும்தான் தேய்மானத்தின் பெரும்பங்கு.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பெரிய முன்சக்கரம் ஒரு சுற்றுக்கு 42 கண்ணிகளை இழுக்கிறது, சின்னது 24-தான். பெரியதில் செயின் வேகமாக ஓடி, ஒவ்வொரு கண்ணியும் அதிக முறை வளைகிறதே, அது தேய்மானத்தைக் கூட்டாதா? கூட்டும். ஆனால் எத்தனை மடங்கு அதிக முறை வளைகிறதோ, அதே மடங்கு இழுவை குறைந்துவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, மிஞ்சுவது வளைவின் அளவு மட்டும். எனவே ஒரு ஜோடியின் உரசலை ஒப்பிட ஓர் எளிய எண் போதும்: 1000-ஐ முன்பல்லால் வகுத்து, 1000-ஐப் பின்பல்லால் வகுத்து, இரண்டையும் கூட்டுங்கள். இதை வளைவு எண் என்று வைத்துக்கொள்வோம். குறைவாக இருந்தால் நல்லது.

42-24: 65
34-20: 79
24-14: 113

முதலாவதற்கும் மூன்றாவதற்கும் விகிதம் கிட்டத்தட்ட ஒன்று. உரசல் மட்டும் 70 சதவீதம் கூடுகிறது.

படி 6: நேர்கோட்டைப் பாருங்கள்

இதுவரை போட்ட கணக்கு பெரியதோடு பெரியதைச் சேர்க்கச் சொல்கிறது. அதை அப்படியே பின்பற்ற முடியாது, ஏனென்றால் செயின் கோணலாக ஓடும். வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு செயினின் மேல்பக்கத்தைப் பாருங்கள். நடு முன்சக்கரமும் பின்னால் நான்காவது சக்கரமும், அதாவது 34-20, நேராக இருக்கும். அதிலிருந்து விலக விலகக் கோணல் கூடுகிறது.

7 அடுக்கு ஃப்ரீவீலில் சக்கரத்துக்குச் சக்கரம் 5 மி.மீ. இடைவெளி. முன்னால் சுமார் 8 மி.மீ. இதை வைத்து ஒவ்வொரு ஜோடியின் விலகலையும் கணக்கிடலாம். 42 என்பது நடுவிலிருந்து 8 மி.மீ. வெளியே, 24 பல் பின்சக்கரம் நடுவிலிருந்து இரண்டு அடுக்கு, அதாவது 10 மி.மீ. உள்ளே. எதிர்த்திசையில் இருப்பதால் கூட்டினால் 18 மி.மீ. விலகல். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் கழிக்க வேண்டும்.

கோணலால் வீணாகும் சக்தி பெரிதல்ல. பக்கவாட்டில் தகடுகள் பற்களை உரசுவதும், பக்கத்துச் சக்கரத்தின் பல்லில் செயின் இடிப்பதும், முன் டீரெய்லர் (செயினை நகர்த்தி கியர் மாற்றும் கருவி) கூண்டில் கிர்கிர் என்று உராய்வதும்தான் தொல்லை. என் வழக்கம், 10 மி.மீ. வரை கவலைப்படாமல் ஓட்டுவது, 15 வரை சிறிது நேரத்துக்கு ஓட்டுவது, 18-க்கு மேல் போனால் இரட்டைக்கு மாறிவிடுவது.

படி 7: கூட்டம் கூட்டமாக முடிவெடுங்கள்

இப்போது மூன்று எண்கள் கையில் இருக்கின்றன: இழுவை, வளைவு எண், விலகல்.

42-20: 60 கிலோ, 74, 8 மி.மீ.
34-16: 74 கிலோ, 92, 10 மி.மீ.

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. மூன்றிலும் 42-20 வெல்கிறது. ஆனாலும் சாலையில் பார்த்தால் நடுச்சக்கரத்தை விட்டு நகராமல் பின்னால் மட்டும் மாற்றிக்கொண்டு 34-16-லும் 34-14-லும் ஓட்டுகிறவர்கள்தான் அதிகம். அவர்களுடைய ஃப்ரீவீலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் கதை தெரியும்: பெரிய சக்கரங்களில் பெயிண்ட் கூடப் போகாமல் இருக்க, 14-லும் 16-லும் பற்கள் ஒரு பக்கம் பள்ளம் விழுந்து, சுறாவின் துடுப்பு மாதிரி சாய்ந்து பளபளக்கும்.

42-18: 60 கிலோ, 79, 3 மி.மீ.
34-14: 74 கிலோ, 101, 15 மி.மீ.

இதுவும் அப்படித்தான். 42-18 ஏறக்குறைய நேர்கோடு. 34-14 போடவே காரணம் இல்லை.

42-22: 60 கிலோ, 69, 13 மி.மீ.
34-18: 74 கிலோ, 85, 5 மி.மீ.

இங்கே இரண்டுக்கும் நியாயம் உண்டு. புறவழிச் சாலையில் நீண்ட தூரம் நிற்காமல் போவதானால், எதிர்காற்றில் கொஞ்சம் இறங்கிக்கொள்ள 42-22 சரி. டவுனுக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்புவதானால் 34-18 நல்லது, இறங்க வேண்டிய கியர்கள் எல்லாம் பின் கியர் மாற்றியின் கிளிக்கிலேயே கிடைக்கும்.

42-24: 60 கிலோ, 65, 18 மி.மீ.
34-20: 74 கிலோ, 79, 0
24-14: 105 கிலோ, 113, 23 மி.மீ.

34-20 தான். வளைவு எண் கொஞ்சம் கூடினாலும் முழு நேர்கோடு. 24-14 இந்த வண்டியிலேயே மோசமான ஜோடி: இழுவை அதிகம், வளைவு அதிகம், கோணல் அதிகம், போதாக்குறைக்குச் செயின் தொங்கி, பக்கத்து 34-இன் பற்களில் உரசும்.

42-28: 60 கிலோ, 60, 23 மி.மீ.
34-22: 74 கிலோ, 75, 5 மி.மீ.
24-16: 105 கிலோ, 104, 18 மி.மீ.

34-22. வளைவு எண்ணில் 42-28 முதலிடம் என்று ஏமாந்துவிடக் கூடாது. 23 மி.மீ. கோணலோடு பின் டீரெய்லரும் முழுக்க இழுபட்டு நிற்கும். செயின் நீளம் சரியாக இல்லாத வண்டியில் இந்த ஜோடி டீரெய்லரையே பிடுங்கிவிடும்.

34-28: 74 கிலோ, 65, 15 மி.மீ.
24-20: 105 கிலோ, 92, 8 மி.மீ.

இது ஏற்றத்துக்கான கியர், கால் அழுத்தம் எப்படியும் அதிகமாக இருக்கும் இடம். மேம்பாலம் மாதிரி ஒரே மூச்சில் ஏறி முடிக்கிற ஏற்றமென்றால் 34-28. மலைப்பாதை என்றால் அடிவாரத்திலேயே 24-20-க்கு வந்துவிடுங்கள். நடு ஏற்றத்தில் முழு பாரத்தோடு மிதித்துக்கொண்டே முன்சக்கரம் மாற்றினால் செயின் கழன்று விழும், கண்ணி முறுக்கிக்கொள்ளும். செயின் சேமிப்பைவிட அது பெரிய நஷ்டம்.

படி 8: கிளிக் கணக்கை மனப்பாடம் செய்யுங்கள்

ஓட்டும்போது யாரும் வகுத்துக்கொண்டிருக்க முடியாது. இந்த அமைப்பில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. 42-இலிருந்து 34-க்கு இறங்கினால், பின்னால் இரண்டு கிளிக் சின்னதாக்குங்கள், அதே விகிதம் கிடைக்கும். 34-இலிருந்து 24-க்கு இறங்கினால் மூன்று கிளிக். ஏறும்போது இதையே திருப்பிப் போடுங்கள். ஆறு கூட்டத்துக்கும் இது பொருந்தும்; மேலே உள்ள பட்டியலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முன்கிளிக் போடும் நொடியில் மட்டும் காலைத் தளர்த்தி, பெடலைச் சும்மா சுற்ற விடுங்கள்.

சக்தி எவ்வளவு மிச்சமாகும்?

இந்தக் கேள்விக்கு நல்ல ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசரின் குழு சைக்கிள் செயினை ஆய்வகத்தில் ஓட்டி அளந்து, 2001-ல் முடிவுகளை வெளியிட்டது. செயினின் திறன் (பெடலில் கொடுத்த சக்தியில் பின்னால் போய்ச் சேரும் பங்கு) சூழ்நிலையைப் பொறுத்து 81 சதவீதத்திலிருந்து 98.6 சதவீதம் வரை இருந்தது. 52-11 ஜோடிக்கும் 52-21 ஜோடிக்கும் இடையே 2 முதல் 5 சதவீதம் வித்தியாசம். பெரிய பல்சக்கரம் மேல் என்பது உறுதியானது. கோணலால் ஏற்பட்ட இழப்பு பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: செயினில் இழுவை கூடினால் திறன் சதவீதமும் கூடுகிறது. நம் இரட்டை ஜோடிகளில் இந்த இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன. பெரிய ஜோடியில் வளைவு குறைகிறது, ஆனால் இழுவையும் குறைகிறது. மெதுவாக, இலேசாக மிதிக்கிறவருக்குப் பெரிய ஜோடியால் கிடைக்கும் சக்தி லாபம் அதனால் சுருங்கிவிடும். பலமாக மிதிக்கிறவருக்கு லாபம் முழுசாகக் கிடைக்கும். இத்தாலியின் சைக்கிள் வீரர் பிலிப்போ கன்னா 2022 அக்டோபர் 8 அன்று சுவிட்சர்லாந்தின் கிரெஞ்சன் தடத்தில் ஒரு மணி நேரத்தில் 56.792 கி.மீ. ஓட்டிச் சாதனை படைத்தபோது அவர் வண்டியில் 65-14 ஜோடி இருந்தது. 51-11 போட்டிருந்தாலும் விகிதம் அதே 4.64 தான். வளைவு எண் மட்டும் 87-க்குப் பதிலாக 111 ஆகியிருக்கும்.

நமக்கு இதிலிருந்து வரும் முடிவு தெளிவானது. தினசரி ஓட்டத்தில் ஜோடியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது தேய்மானத்தைப் பார்த்து. சக்தி லாபம் வந்தால் கூடுதல் வரவு.

படி 9: அளந்து பாருங்கள்

12 அங்குல இரும்பு ஸ்கேலை எடுத்து, பூஜ்யத்தை ஒரு பின்னின் மையத்தில் வையுங்கள். புதுச் செயினில் 24-ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். 1.5 மி.மீ. தள்ளிப்போயிருந்தால் புதுச் செயின் வாங்கி வைக்கலாம். 2.3 மி.மீ.க்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். 3 மி.மீ. ஆகிவிட்டால் ஃப்ரீவீலும் சேர்ந்து தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். புதுச் செயின் போட்டால் அதிகம் ஓட்டிய சக்கரத்தில் வழுக்கும். மாதம் ஒரு முறை அளந்து எழுதி வைத்தால் போதும். செயினில் மணலும் பழைய கிரீஸும் சேர்ந்து அப்பியிருந்தால், சரியான ஜோடி போட்டுக் கிடைத்த லாபம் எல்லாம் அதிலேயே போய்விடும். துணியால் துடைத்து, எண்ணெயைக் கண்ணி மூட்டுகளுக்குள் விட்டு, வெளியில் இருப்பதை வழித்துவிடுங்கள்.

முன்செட்டையும் பாருங்கள். விலை குறைந்த வண்டிகளில் மூன்று முன்சக்கரங்களும் ஆணி அடித்து ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். நடுவில் உள்ள 34 தேய்ந்தால் முழுச் செட்டையும் மாற்ற வேண்டும். 42-ஐக் கொஞ்சம் வேலை வாங்குவதற்கு இது இன்னொரு காரணம். சக்கரங்கள் போல்ட் போட்டவை என்றால் தேய்ந்ததை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ரோடு பைக் வைத்திருப்பவர்களுக்கு

முன்னால் 50-34, பின்னால் 11-12-13-14-15-17-19-21-23-25-28 என்றால் கணக்கு இன்னும் சுலபம். 50-25-உம் 34-17-உம் சரியாக 2.0. வளைவு எண் 60, 88. ஆனால் 34-17 ஏறக்குறைய நேர்கோடு, 50-25 நல்ல கோணல். எனவே எதிரே ஏற்றம் தெரிந்தால் 34-17, சமதளத்தில் சற்று நேரம் வேகம் குறைந்திருந்தால் 50-25-லேயே இருந்துவிடலாம். 50-19, 34-13 இரட்டையில் (2.63, 2.62) தயக்கமே வேண்டாம், 50-19 தான். இந்த அமைப்பில் முன்னால் ஒரு மாற்றத்துக்குப் பின்னால் நான்கு கிளிக். 34-இல் ஓட்டிக்கொண்டே பின்னால் 13 வரை வந்துவிட்டீர்கள் என்றால் முன்னால் 50-க்கு ஏற்றி, பின்னால் நான்கு கிளிக் போட்டு 19-க்கு வாருங்கள்.